பதினொரு கள்ள லாச்சிகள்

கைவேலை தெரிந்தவரைக் கொழும்பில் பாஸ் என்போம். வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கை வீடுகளின் ஒழுகும் குழாய், ஓடாத மின்விசிறி எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் வருவார். முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள்.

யுத்த காலத்தில் ஆமிக்காரர் வீடு சோதிக்க வந்தால் அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். ஆகவே பதினொரு வீட்டு அலுமாரிகளில் அவர் கள்ள லாச்சி, அதாவது மறைவான இழுப்பறை, வைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திறக்கும்.

அன்று பத்து மணிக்கு எனக்கு விசா நேர்முகம். விட்டால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாஸ்போட் லாச்சிக்குள். திறக்கும் விதம் அம்மாவுக்கு மறந்துவிட்டது. எனக்கு வாய் நீளம் என்று சொல்லித் தந்திருக்கவேயில்லை.

நல்லவேளை, பாஸ் பக்கத்து வீட்டுக் குழாயடியில் நின்றார். இழுத்து வந்தோம்.

“பதினொண்ணு செஞ்சேன் அக்கா, ஒங்கடது எதுன்னு ஞாபகம் இல்ல. ஒவ்வொண்ணாப் பாப்பம். மாஸ்டர் வீட்டுதுன்னா கண்ணாடிய மேல தூக்கணும்... இல்ல. நேர்ஸம்மா வீட்டுதுன்னா இடப்பக்கக் கால உதைக்கணும்...”

மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஜன்னலில் முன்வீட்டு மாஸ்டரின் முகம் தெரிந்தது.

“பாஸ், ஒரு மைக் கொண்டந்து தரட்டோ?”

“வேணாம் மாஸ்டர், எல்லாருக்கும் கேக்குதுதானே!”

நேர்ஸம்மா மாக்கையோடு ஓடி வந்தார். “ஐயோ, ஆராவது அவற்ற வாயைப் பொத்துங்கோவன்!”

கடைசியாகச் சொன்ன பதினோராவது வித்தைதான் பலித்தது: மேல்தட்டை உள்ளே தள்ளிக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும். டக்! பாஸ்போட் வந்தது. கூடவே, இனிப்பே தொடக்கூடாத சீனி வருத்தக்கார அம்மா ஒளித்து வைத்திருந்த ஒரு பை டொபி. ஒழுங்கையே சிரித்தது. அம்மா சுவரைப் பார்த்தார். நான் ஓட்டோவுக்கு ஓடினேன்.

நேரத்துக்குப் போனேன்; விசாவும் கிடைத்தது. திரும்பி வந்தால், பத்து வீட்டார் பாஸைச் சூழ்ந்து நிற்கிறார்கள், லாச்சியை மாற்றித் தரச்சொல்லி. எங்களுடையதை மட்டும் அவர் தொடவில்லை.

“டொபிதானே அக்கா, யாரு எடுக்கப் போறா?”

பல வருடம் கழித்துக் கனடாவுக்கு அம்மா தொலைபேசி எடுத்தார். பாஸ் போய்விட்டாராம். இருவரும் அழுதோம். பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, அந்த லாச்சி எப்பிடித் திறக்கிறது?”

“மேல்தட்டைத் தள்ளிக்கொண்டு கதவைச் சாத்துங்கோ!” என்று கத்தினேன். மாஸ்டர் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.