சஃபாரியில் தெரியாத பொத்தான்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம் மட்டுவில் கிராமத்தில் எங்கள் வீட்டில் வாசலுக்கு நேரே தொங்குகிறது. வேலை நல்லூரில், மரண அறிவித்தல் போடும் ஓர் இணையத்தளத்தில். பக்கங்களை எழுதுவது நான். சரிபார்ப்பது அரியாலையிலிருந்து வரும் தாரிகா.

அலுவலகத்தில் எல்லாம் விண்டோஸ் கணினிகள். அறிவித்தல் பார்ப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் ஐபோனும் மாக்கும் வைத்திருப்பவர்கள். அதனால் தாரிகா எங்கோ இருக்கும் ஒரு மாக் கணினியை இணையம் வழியாக வாடகைக்குத் திறந்து, அதிலுள்ள சஃபாரி உலாவியில் ஒவ்வொரு பக்கத்தையும் பார்ப்பாள்.

சோதனை அறிவித்தலுக்கு ஒரு பெயர் வேண்டும். உயிரோடு இருப்பவரின் பெயரைப் போட ஒருவரும் சம்மதிக்கவில்லை. தாரிகா மூன்று வருடத்துக்கு முன் இறந்த தகப்பன் பரமலிங்கத்தின் பெயரையும் படத்தையும் போட்டாள். நாளுக்குப் பத்துத் தடவை அந்த முகத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பாள்.

மாசியில் தாய் சிவக்கொழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையும் அவள் வேலைக்கு வரவில்லை. இறுதிக்கிரியையை நேரடியாகப் பார்க்க அமத்தும் நேரலைப் பொத்தானை அப்போதுதான் மாற்றினேன். குரோமில் மட்டும் பார்த்தேன். நான் படித்தவன், அது போதும் என்று நினைத்தேன்.

தாய் இறந்தபோது அந்த அறிவித்தலையும் நான்தான் ஏற்றினேன். ஒரே மகன் சயந்தன் பாரிசில்; வதிவிட அனுமதி கிடைக்கவில்லை, வர முடியாது. கொள்ளி வைப்பதை அவன் எங்கள் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிரேதம் வீட்டு வாசல் படலையைத் தாண்ட, பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாரிகாவின் அழைப்பு வந்தது.

“தம்பிக்குப் பொத்தான் தெரியேல்லையாம். சஃபாரியிலை திறந்து பாத்தன் அண்ணை. இல்லைத்தான்.”

அலுவலகத்தில் பிழை சொல்லும் அதே குரல். பழைய பொத்தானைத் திரும்பப் போடச் சொன்னாள். அலுவலகத்தைப் பிடித்து, கடவுச்சொல் சொல்லி, மாற்றி முடிக்கப் பதினெட்டு நிமிடம். கஜீவன், தாரிகாவின் பெரியம்மாவின் மகன், அதற்குள் கொள்ளி வைத்துவிட்டான். சயந்தன் பார்த்தது புகை.

நடந்ததைக் கேட்ட கஜீவன் ஈரத்தலையோடு என்னைப் பார்த்தான்.

“வாட்ஸ்அப்பிலை எடுத்துப் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கலாமே. உதுக்கு என்ன படிப்பு வேணும்?”

எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து தாரிகா வேலைக்கு வந்தாள். என்ரை பிழைதான் என்றேன். ஓம் என்றாள். பிறகு சோதனைப் பக்கத்தில் இரண்டாவது அறிவித்தல் ஒன்றைத் திறந்து, தாயின் முழுப்பெயரை அடித்தாள்: திருமதி சிவக்கொழுந்து பரமலிங்கம்.

“நீளப் பேர் ஒண்டு தேவைப்பட்டதுதானே.”

சஃபாரியில் திறந்து பார்த்தாள். பெயர் இரண்டு வரியாக மடிந்திருந்தது. பொத்தான் இருந்தது. அமத்திப் பார்த்துவிட்டு, சரி என்று குறித்தாள்.