பானெட்டுக்குப் பட்ட கண்

கல்யாணமாகி ஏழு வருடத்தில் என் கணவர் என் முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. காரின் பானெட்டைப் பார்ப்பார். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் பேஸ்மென்ட்டில் காரை நிறுத்திவிட்டு, ஃபோன் டார்ச்சை அடித்து, மூக்கு உரசாத குறையாகக் குனிந்து, இன்று எத்தனை கல் பட்டிருக்கிறது என்று தேடுவார். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு அவரோடு லிஃப்டில் ஏறி நான்காவது மாடிக்கு வந்து, எங்களோடு சாப்பிடவும் உட்காரும்.

கார் கருஞ்சிவப்பு. அதில் கடுகளவு பெயிண்ட் போனாலும் அடியிலிருக்கும் சாம்பல் நிறம் பல்லை இளிக்கும். நாங்கள் இருப்பதோ சந்தாபுராவில். ஆனேக்கல் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் எங்கள் வழியாகத்தான் பெங்களூருக்குள் போகின்றன. ஊரில் எழும்பும் ஒவ்வொரு அபார்ட்மென்ட்டும் முதலில் எங்கள் ரோட்டில் கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் போகும். லாரியில் தார்ப்பாய் இல்லாமல் இல்லை. மடித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். அதற்குத் தூசி படக்கூடாதல்லவா?

இப்படிப்பட்ட ரோட்டில் என் கணவர் டிப்பரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவார். "கொஞ்சம் கேப் விடுங்களேன்" என்றால், "விட்டா ரெண்டு ஆட்டோ, நாலு பைக் உள்ள வந்துடும். இது பெங்களூரு" என்பார். ஆட்டோ முன்னால் நுழைந்துவிட்டால் மானம் போய்விடும். அதற்குப் பெயிண்ட் போனால் பரவாயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மானத்தை மறந்துவிட்டுப் பெயிண்டுக்கு அழுவார்.

புதுக் கார் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே முதல் கல் விழுந்தது. உடனே லீவு போட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடினார். அங்கே இருந்தவர் நிதானமாகச் சொன்னாராம்: "சார், இப்ப வர்ற வண்டிங்க எல்லாத்துக்கும் பெயிண்ட் லேசாத்தான் இருக்கும். பழைய அம்பாசிடர் மாதிரி எதிர்பார்க்காதீங்க." யாரோ தன் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த வாரம் ஓசூர் ரோட்டில் ஒரு கடையில் காரை இரண்டு நாள் விட்டு, பளபளவென்று கோட்டிங் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் தலை வாரிக்கொள்ளலாம். மறுநாளே இரண்டு கல்.

சண்டை போடப் போனவரோடு நானும் போனேன், வேடிக்கை பார்க்க. கடைக்காரர் பதறவில்லை. கன்னடம் கலந்த தமிழில், "குரு, சும்னே டென்ஷன் ஆகாதீங்க. கோட்டிங் ஷைனிங்குக்கு. கல்லுக்குன்னா மேல பிலிம் ஒட்டணும். நீங்க ஷைனிங்தானே கேட்டீங்க?" என்றார். உண்மை. இவர் அதைத்தான் கேட்டார். மழைக்குக் குடை வாங்கப் போய்ப் பவுடர் பூசிக்கொண்டு வந்த கதை.

இதில் எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் கன்டோன்மென்ட் பக்கத்து நெரிசலில் அப்பாவின் பழைய காரை நான்கு வருடம் ஓட்டியவள் நான். என் ஆபீஸ் வைட்ஃபீல்டில். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். அது சந்துபொந்தெல்லாம் நுழைந்து ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு என்னை இறக்கிவிடும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சாயங்காலம் மறுபடியும் அதே சுற்று. அவர் ஆபீசோ எலெக்ட்ரானிக் சிட்டியில், கூப்பிடு தூரம். இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது. கார் யாருக்கு வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நான் கேட்கும்போதெல்லாம் ஒரு வாய்தா. முதல் சர்வீஸ் ஆகட்டும். மழை முடியட்டும். ரோடு போடட்டும்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் கல் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு காயம் பட்டுவிட்டால் பயம் தெளிந்துவிடும், சாவி என் கைக்கு வரும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. காயம்பட்ட பிள்ளையை யாராவது அடுத்தவர் கையில் கொடுப்பார்களா? பதினோராவது கல் விழுந்த அன்றுதான், மனம் நொந்துபோய், "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. ஆயுத பூஜைக்கு நல்லா திருஷ்டி கழிச்சிடறேன். அப்புறம் நீயே ஆபீசுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். நான் அதை நம்பி ஆபீசில் பார்க்கிங் பாஸ் வாங்கிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாக் காரிலும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, பானெட் நிறையச் சந்தனம், குங்குமம். எங்கள் காருக்கு மட்டும் வாழைக்கன்று கிடையாது. கட்டுகிற கயிறு உரசுமாம். மாலை கிடையாது. அதில் இருக்கும் நார் உரசுமாம். சந்தனத்தை நான் குழைத்துக்கொண்டு போனபோது இரண்டு கையையும் விரித்து மறித்தார். "பெயிண்ட்ல வேணாம். டயர்ல வை." சாமிக்கே அனுமதி இல்லாத இடத்தில் நான் சாவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பூசணிக்காயில் மட்டும் குறை வைக்கவில்லை. மற்றவர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசு போட்டபோது, இவர் பூசணிக்காயைத் துளைத்துக் குங்குமத்தோடு கனமான பழைய ஐந்து ரூபாய்க் காசுகளாகத் திணித்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "இவ்ளோ பெரிய காசா?" என்று கேட்டதற்கு, "திருஷ்டி பெரிசு ஆன்ட்டி" என்றார். சூடம் ஏற்றி, காரை மூன்று முறை சுற்றி வந்து, நடுரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தார். சிவப்பும் வெள்ளையுமாக நாலா பக்கமும் சிதறியது. அதில் வருகிறவன் போகிறவன் வழுக்கி விழுவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நம் திருஷ்டி கழிந்தால் போதும்.

டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனை வரை ஒரு ரவுண்டு, அதற்கப்புறம் சாவி எனக்கு. கேட்டைத் தாண்டியதும் ஒரு தண்ணீர் டேங்கர் எங்களை முந்திக்கொண்டு முன்னால் புகுந்தது. இவர் வழக்கம்போல அதன் பின்னால் ஒட்டிக்கொண்டார். டேங்கரின் பின் டயர்கள் உடைந்து கிடந்த பூசணிக்காய் மேல் ஏறின. டமால் என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தோம். பானெட்டின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து, தகடு உள்ளே போயிருந்தது. வைப்பருக்கு அடியில் குங்குமம் அப்பிய ஓர் ஐந்து ரூபாய்க் காசு கிடந்தது. காசைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உன் கண்ணுதான். காலைலேர்ந்து அந்தச் சாவியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தே."

வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவமானமாக இருந்தது. பத்து மாதமாக நான் கேட்டது அவர் காதில் எப்படி விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்காரி கேட்கிறாள் என்று அல்ல. ஊர்க்கண்களில் அதுவும் ஒரு கண் என்று.

"கண்ணு என்னுதுன்னே வெச்சுக்கோங்க. காசு யாருது?" என்றேன். குங்குமம் ஒட்டிய காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். இவர் சாவியை என் கையில் திணித்து, "இந்தா, எடுத்துக்கோ. இனிமே இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போனார்.

பூஜை லீவு முடிந்ததிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். டிப்பர் தெரிந்தால் பின்தங்கிவிடுவேன். அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும், பைக் நுழையும், ஒருமுறை மாடுகூட நுழைந்தது. என் மானம் ஒன்றும் போய்விடவில்லை. நான்கு மாதத்தில் இரண்டே கல். ஆபீசுக்குக் குமட்டல் இல்லாமல் போய்ச் சேருகிறேன், வீட்டுக்கு வந்ததும் சமைக்கத் தெம்பிருக்கிறது. சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர் பேஸ்மென்ட் பக்கமே வருவதில்லை. கார் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் கையில் கொடுக்கலாம் என்று தோன்றியதால் அவர் கொடுக்கவில்லை. கெட்டுப்போனது என்பதால் கொடுத்தார். சாம்பார் ஊசிப்போனால் வாசலில் வைப்பதுபோல.

போன வாரம் சாப்பிடும்போது ஃபோனை என் பக்கம் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். புது மாடல் கார், வெள்ளை நிறம். "வெள்ளைல கல்லு பட்டா தெரியவே தெரியாதாம். உனக்குப் பழசு இருக்கட்டும், நான் இத எடுக்கலாம்னு பாக்கறேன்" என்றார், பெரிய மனது பண்ணி.

"எடுங்க. ஷோரூம்லேர்ந்து வீட்டுக்கு நான் ஓட்டிட்டு வரேன்" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் சிரிப்பு தானாகத் தேய்ந்து நின்றது. ஃபோனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்:

"இல்ல... இது புது வண்டி பாரு."