மேற்கு ஜன்னலுக்கு ஒரு தடுப்பு

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஜன்னல்’. வகுப்புக்குள் நுழைந்ததுமே ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? “படிக்கப் போனியா, ஜன்னல் திறக்கப் போனியாடி?” என்று பெற்ற தாயே போனில் கேட்டாள்.

வரைகூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல்கள். மதியத்துக்கு மேல் உள்ளே இருப்பதும் அடுப்படியில் இருப்பதும் ஒன்றுதான். ஜன்னல்களை நிரந்தரமாக அடைத்துவிட்டு இன்னும் இரண்டு ஏசி மாட்டுவதென்று துறைத்தலைவர் முடிவு கட்டியிருந்தார். இவள் விடுவாளா? கல்லூரிப் பசுமை மன்றத்தையே கூட்டிக்கொண்டு போய், வெயிலுக்குத் தடுப்பு மாட்டினால் ஜன்னலை அடைக்க வேண்டாமென்று மல்லுக்கு நின்றாள்.

“சரி, ஒரு ஜன்னல்ல செஞ்சு காட்டு. சாயங்காலம் நானே வந்து உக்காருறேன். வெயில் அடிச்சுதுன்னா அப்புறம் மறுபேச்சு கிடையாது,” என்றார் அவர்.

அவளும் மன்றத்தாரும், மற்ற மாணவர்கள் மிச்சம் போட்டிருந்த பலகைகளை அறுத்துச் சதுரமாக ஒரு சட்டம் செய்தார்கள். அதில் படுக்கைவாட்டில் சாய்வான மரப்பட்டிகள். அதை ஒரு ஜன்னலில் மாட்டினார்கள். முன்னதாக அட்டையில் சின்னதாகச் செய்து மேசை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தபோது பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. ஆளாளுக்குக் கைதட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலம் துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூரியன் இறங்க இறங்க, பட்டிகளின் இடுக்கு வழியாக வெயில் நேரே அவர் கண்ணில் அடித்தது.

“இது தடுப்பா, டீ வடிகட்டியா?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உறைத்தது. மேசை விளக்கு மேலிருந்து அடித்தது, அது உச்சிவெயில். சாயங்கால வெயில் தாழ்வாக அல்லவா வரும்!

“தப்பு என்னுதுதான் சார். வெயில்லயே வெச்சுப் பார்த்திருக்கணும்.”

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்,” என்று முணுமுணுத்தான் பக்கத்தில் நின்ற கூட்டாளி.

“வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடிடா. சார், கொஞ்சம் இருங்க!”

சட்டம் சதுரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. திருகாணிகளைக் கழற்றி இடப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். பட்டிகள் செங்குத்தாக நின்றன. ஆனால் வெயில் அசரவில்லை. துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கழற்றித் தலைகீழாக்கி வலப்பக்கமாக நிறுத்தினார்கள்; பட்டிகளின் சாய்வு வெயிலுக்குக் குறுக்கே வந்தது. அவர் முகத்தின் மேல் நிழல் விழுந்தது. இடுக்கு வழியாகக் காற்று மட்டும் உள்ளே வந்தது.

சூரியன் மறைந்தது. அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“சார், கிளம்பலையா?”

“இரும்மா, காத்து நல்லா வருது. மத்த ஜன்னலுக்கெல்லாம் எப்ப மாட்டப் போறீங்க?”