ஸ்டெல்லா ஆன்ட்டி முதுகில் ஏற்றிய ஆட்டா

ஆர்.கே.புரம் எங்கள் பிளாக்வாசிகளின் மேலான கவனத்திற்கு: இனி காலை ஐந்தரை மணிக்கு நம் படிக்கட்டில் 'தொம், தொம்' என்ற சத்தம் கேட்காது. தூக்கம் கெடுகிறது என்று புகார் எழுதிப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தப் புகாரை அப்பா பெயரில் எழுதியவன் நான்தான். போன செவ்வாய்க்கிழமை சத்தம் வராததால்தான் எனக்கு விழிப்பு வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து சொன்னாள். தரைத்தளத்து ஸ்டெல்லா ஆன்ட்டி, முந்தின நாள் டியூட்டியில் இருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. முப்பது வருடம் நர்சாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்.

மலையேறிப் பழக டெல்லியில் மலைக்கு எங்கே போவது? மலை மந்திர் கோயில் படிகளில் முருகனைத் தாண்டி ஏற முடியாது. அதனால் ஆன்ட்டி நம் நான்கு மாடிப் படிக்கட்டையே மலையாக்கிக்கொண்டார். முதுகுப் பையில் பத்து கிலோ ஆட்டா, அதாவது கோதுமை மாவு. தினமும் இருபது தடவை ஏற்றம். இது தெரிந்ததும் மாடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ஸ்டெல்லா ஜி, ஊப்பர் ஜா ரஹீ ஹோ நா?" என்று, மேலேதானே போகிறீர்கள் என்ற சாக்கில், மூன்றாம் மாடிப் பஞ்சாபி ஆன்ட்டி கீழே வாங்கிய தன் உருளைக்கிழங்கையும் அவர் பையில் போட்டு அனுப்புவார். "குடுங்க, குடுங்க, வெயிட்டு நல்லதுதான்" என்று நாகர்கோவில் தமிழிலேயே அவருக்குப் பதில் வரும்.

ஒருநாள் நான் அந்தப் பையின் அடியில் இரண்டு செங்கற்களை ஒளித்து வைத்தேன். இருபது ஏற்றமும் முடித்துவிட்டு எங்கள் கதவைத் தட்டினார்.

"ஏல, நீதான வச்ச?"

"இல்ல ஆன்ட்டி, பில்டிங்கே உதிர்ந்து விழுதுபோல."

"ரெண்டுதான் கெடச்சுதா? நாளைக்கு நாலு வையி மக்கா."

எதற்கு இந்தப் பாடு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். வார்டில் படுத்திருந்த ஒரு ஜவான் எப்போதோ சொன்னதாம்: மணாலிக்கு மேலே ஒரு கணவாய் இருக்கிறது, அதன் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, மறுபக்கம் முழுக்கப் பொட்டல். "ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கணும்ல. ரிட்டயர் ஆவதுக்கு முன்ன."

போன ஜூனில் அந்தக் கணவாய்க்கு, அவருடைய ஆஸ்பத்திரிக்காரர்கள் மூவரும் நாங்கள் இருவருமாக ஐந்து பேர் கிளம்பினோம். அவர் முதுகில் மூட்டை இருந்தது, எனக்குப் பாரமெல்லாம் வாயில். திரும்பி வந்ததும் கணவாயை நான் எப்படி வென்றேன் என்று பிளாக்கில் எல்லோருக்கும் சொன்னேன். பனியில் நான் நிற்கும் போட்டோவைப் பார்க்காதவர் யாருமில்லை. மறுபக்கம் எப்படி இருந்தது என்று ஆன்ட்டியிடம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: "அவன்ட்ட கேளுங்க. அவன் நல்லா சொல்லுவான்."

நல்லாத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்தில், சாவதற்கு முன் அவருடைய கனவு நிறைவேறியது என்று பாஸ்டர் நன்றி சொன்னார். எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

ஆன்ட்டியின் தங்கை அந்தப் பையை என்னிடம் கொடுத்திருக்கிறார். அடியில் என் செங்கற்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். மூன்றாம் மாடி உருளைக்கிழங்கும் இப்போது இதில்தான் ஏறுகிறது. ஆனால் இதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உச்சிக்கு முந்தின நாள் கூடாரத்தில், "யாருக்காவது தலை வலிக்கா?" என்று ஆன்ட்டி ஒவ்வொருவரிடமும் கேட்டார்; அந்த உயரத்தில் தலைவலிதான் முதல் எச்சரிக்கையாம். எனக்கு மத்தியானத்திலிருந்தே மண்டை பிளந்துகொண்டிருந்தது. "எனக்கா? இப்பவே ரெண்டு தடவை ஏறி இறங்கட்டுமா?" என்றேன். மறுநாள் உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குதிரைக்காரனோடு கீழே அனுப்பலாம் என்றார் வழிகாட்டி. "நர்சு நான். இவன இப்பிடி அனுப்பிட்டு மேல போயி என்னத்தப் பாக்க?" என்று ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மற்ற மூவரும் மேலே போனார்கள். அவர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நேத்தே சொல்லிருந்தா ஒன்ன எறக்கி உட்டுட்டு ஏறிருப்பேன். செரி, அடுத்த வருசம் வருவோம்."

அந்தப் போட்டோ கூடாரத்துக்குப் பின்னால் கரையாமல் கிடந்த பனிக்குவியலில் எடுத்தது. எடுத்துக் கொடுத்தவரும் ஆன்ட்டிதான். மறுபக்கம் எப்படி இருக்கும் என்று இனிமேல் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.