அடிக்குறிப்பில் குடியிருந்தவர்

சூடான தாளின் வாசம். ஜெராக்ஸ் கடையைக் கடக்கும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும்; உடனே எனக்கு ஒரு விஞ்ஞானியின் ஞாபகம் வரும். அவரை உண்டாக்கியது நான்தான். ஒரு நாவலுக்குள்.

எந்த அத்தியாயத்திலிருந்து படித்தாலும் சரி என்று சொல்லிக்கொள்ளும் நாவல் அது. கதை உடையும், திரும்பத் தொடங்கும், ஒரே மரணம் மூன்று விதமாக நடக்கும். அத்தனை குழப்பத்துக்கும் நடுவில் அந்த மனிதருக்கு மட்டும் எல்லாம் பிடிக்குள் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் வெப்பம், விளக்கின் வெளிச்சம், உதவியாளர் நடக்கும் சத்தம். அது போதாமல் என் வாக்கியங்களையே திருத்தத் தொடங்கினார். அதற்கென்று பக்கத்தின் அடியில் இடம் கொடுத்தேன். பொடி எழுத்தில் அடிக்குறிப்பாக உட்கார்ந்துகொண்டு, மேலே நடப்பதையெல்லாம் மேற்பார்வை பார்த்தார்.

ஒன்பது வருஷம் எழுதினேன். பத்தாவது வருஷம் முழுக்கத் திருத்தினேன். சனிக்கிழமைதோறும் அம்பத்தூரிலிருந்து பஸ் மாறிப் பூந்தமல்லிக்குப் போவேன். அங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன டி.டி.பி. கடை; உள்ளே எப்போதும் சூடான தாளின் வாசம். பாய்தான் முதலாளி, டைப் அடிப்பவரும் அவரே. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து, இதை எடுங்கள், அதைப் போடுங்கள் என்பேன். நான் விரலை எடுத்ததும் அவர் ஒரு துணியால் திரையைத் துடைப்பார்.

“இன்னா சார், போன வாரம் புடுங்கின கமாவ இந்த வாரம் நட்டுகினு கீற. அடுத்த வாரம் தண்ணி ஊத்துவியா?”

“இதான் கடைசித் திருத்தம் பாய்.”

“போன ரம்ஜானுக்கும் இதான் சொன்ன.”

ஒரு சனிக்கிழமை அவர் முகம் சரியில்லை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார். அடிக்குறிப்புகள் மொத்தமும் இடம் பெயர்ந்து கதைக்குள் விழுந்துவிட்டன.

படித்துப் பார்த்தேன். விஞ்ஞானியின் மனைவி பெட்டியோடு படியிறங்கும் இடம். ‘ஒரு தடவை என்னைப் பாரேன்’ என்கிறாள். அடுத்த வரியில் அவர் குரல்: ‘படிகள் பதினான்கு. ஆசிரியர் பதின்மூன்று என்று எழுதியது பிழை.’ அடியில் பொடி எழுத்தில் இருந்தவரை அது அதிகாரம். இப்போது அவள் பேச்சுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வந்தபோது, பயந்துபோன ஒருவர் கைக்கு அகப்பட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

நன்றாக இருந்தது. நான் செய்ததைவிட நன்றாக. அதுதான் தாங்கவில்லை. நான் வைக்காதது என் புத்தகத்தில் எப்படி இருக்கலாம்?

“எல்லாத்தையும் பழையபடி கீழ வைங்க பாய்.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “வெக்கிறேன் சார், என் தப்புதான். நாலு நாள் ஆவும். ஆனா இத்தோட நீ வேற கடை பாத்துக்கோ. என்னால முடியல.” திரையைப் பார்த்தபடியே, “ஒரு வருசமா அடிச்சிகினு கீறேன், இன்னா எழுதிக்கீறன்னு படிச்சதில்ல. எதெது எங்க வுழுந்துச்சின்னு பாக்கத்தான் நேத்து முழுசா படிச்சேன். அந்தாளு பாவம் சார். பொண்டாட்டி போறா, படிய எண்ணிகினு கீறான்.”

பழையபடி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு கடை, வேறு ஸ்டூல், இன்னொரு பத்து வருஷம். புத்தகம் வராது.

விரல் தானாகத் திரைக்குப் போனது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். பாயே பக்கங்களை உருட்டினார். எல்லாம் அழகாக விழுந்திருக்கவில்லை. ஒரு குறிப்பு மழை வர்ணனையின் நடுவில், அர்த்தமே இல்லாமல் கிடந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது கைகள் மரத்துப்போயிருந்தன. எழுந்துகொண்டேன்.

“அச்சுக்கு அனுப்பிடவா சார்?”

“அனுப்பிடுங்க.”

“அப்ப வர்ற சனிக்கெழம வராத. ஊட்ல குந்து.”