கணக்கு டீச்சரின் ஸ்கூட்டர் கண்ணாடி

ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடி. விளிம்பில் துரு, ஓரத்தில் ஒரு கீறல். எங்கள் கணக்கு டீச்சரை நினைத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கட்டபெட்டுப் பக்கம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் இருவரும் டீச்சர்களாக வேலை பார்த்தோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு ஏற்றம். அவருடைய வலது கால் சொன்ன பேச்சு கேட்காது. முன்னால் அடி வைத்தால் பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், ஆள் விழுவார். உட்கார்ந்துவிட்டால் ஒன்றுமே இல்லை. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர், மனசுதான் காரணம் என்றார் இன்னொருவர், டானிக் மட்டும் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளித் தாளாளருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் யார் துணையும் இல்லாமல் வகுப்புக்கு வர வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். டீச்சரின் குடும்பமே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

ஒரு காலை, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை பாதையில் வந்து நின்றது. அதற்கு முதுகு காட்டி ஓடக் கூடாது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தேன். வளைவில்தான் கவனித்தேன், என் தோளில் அவர் கை இல்லை. அவரும் பின்பக்கமாகவே நடந்து, எனக்கு முன்பே அங்கே போய் நிமிர்ந்து நின்றிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், கால் திருகவே இல்லீங்க. பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல எருமை போயிருச்சான்னு பாருங்க."

"அது கெடக்குதுங்க. இன்னொருக்கா நடக்கறேன், காலைப் பாருங்க."

காட்டெருமையை இப்படி மதிக்காத ஆளை நான் கண்டதில்லை. பின்பக்கமாகவே மேலும் கீழும் நடந்தார், சிரித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. எருமையை மறந்து கை தட்டினேன். மறுநாளே மெக்கானிக் கடையில் அந்தக் கண்ணாடியை வாங்கிவிட்டார். அதை முகத்துக்கு நேரே பிடித்து, முதுகுப்பக்கம் உள்ள பாதையைப் பார்த்தபடி ஏறுவார். நான் எதிரே நடப்பேன். முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போக அப்படி வசதி.

தாளாளர் வாசலில் நின்று பார்த்தார். "முன்னால நடக்க முடியாதவங்க பின்னால மட்டும் எப்படீங்க நடப்பாங்க? இது நடிப்பு."

"அதையேதானுங்க நானும் எல்லாரையும் கேட்டுட்டு இருக்கறேன்" என்ற டீச்சர், நிற்காமல் படியேறி வகுப்புக்குள் போய்விட்டார். துணையில்லாமல் வரச் சொன்னவர் தாளாளர்தானே. வேலை தங்கியது. நடிப்பு என்ற சொல்லும் தங்கிவிட்டது. பின்னால் நடப்பதை அதன்பிறகு எந்த டாக்டரிடமும் டீச்சர் சொல்லவே இல்லை.

நாங்கள் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. போன வாரம் அவரைக் கோவையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். கால் திருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அம்மா, கொஞ்சம் பின்னால நடந்து காட்டுங்க" என்றார்.

நாங்கள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண் தானாகவே கேட்டார். டீச்சர் கைப்பையைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். அறை நீளத்துக்கும் நேராக நடந்தார். இதற்கு டிஸ்டோனியா என்று பெயர், மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் கோளாறு, பலருக்கு ஏன் வருகிறதென்று இன்னும் தெரியாது, முன்னால் நடக்கும்போது திருகும் கால் பின்னால் நடந்தால் ஒழுங்காகப் போவது இதில் உண்டு என்றார் டாக்டர்.

டீச்சர் கண்ணாடியை இறக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்த என்னை அதற்குள் பார்த்தார்.

"கேட்டீங்களா டீச்சர்? நான் நடிக்கலையாமுங்க."