சந்தனத்துக்கு அடியில் ஒரு எண்

ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தேன். தேவதானத்தில் ஒரு தோப்புக்குத் தேங்காய் வாங்கப் போயிருந்தேன். பம்புசெட் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே, உரச்சாக்குகளுக்கு நடுவே, நூறு சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. நான் கல்லூரியில் படித்தபோது யாராவது ஓட்டிப்போனால் தெருமுனை வரை திரும்பிப் பார்ப்பேனே, அந்த வகை. டயர்கள் இரண்டும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. இருக்கையை எலி குடைந்திருந்தது. டேங்கின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன.

தோப்புக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் மடங்காது. கிக்கரை உதைக்க முடியாமல் போனதும் வண்டியை உள்ளே நிறுத்தியிருக்கிறார்.

"ஓடுமா அண்ணாச்சி?"

"நிப்பாட்டுறப்ப ஓடுச்சு."

"நிப்பாட்டி எம்புட்டு வருஷம் இருக்கும்?"

"ஒம்பது."

வாசலில் மாட்டுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னார்: "பதினொண்ணு. ரெண்டைக் கொறைச்சுச் சொன்னா வண்டி எளசாயிருமா?"

கொடுப்பீர்களா என்று கேட்டேன். அதற்கும் அந்த மதினியே பதில் சொன்னார். "கூட்டிட்டுப் போங்க தம்பி. புண்ணாக்கு மூட்டை வைக்க எடமில்லாம நான் அல்லாடுதேன். இவுக என்னன்னா ஓடாத வண்டிக்கு வருஷா வருஷம் சந்தனம் அப்பிக்கிட்டு இருக்காக."

"ஏட்டி, ஓடலைன்னா அது வண்டி இல்லைன்னு ஆயிருமா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தாரேன். ஆனா அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால வண்டி தன்னால ஓடி இங்க வரணும். ஏத்திக் கொண்டாந்து எறக்குனேன்னு வையி, எறக்குன எடத்துலயே நின்னுக்கிடும். உன் ரூவாயை நீ வாங்கிட்டுப் போயிரலாம்."

ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு சாவியையும் கொடுத்தார். இன்னொரு சாவி இருக்குமே என்றேன். "இருக்கு" என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் என் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் மெக்கானிக், குட்டியானை மினி லாரியில் இருந்து இறங்கிய வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், இதுல நல்லா இருக்கது சந்தனம் மட்டுந்தான்" என்றார். அன்றே ஒரு நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் தேதியும் கிழமையும் எழுதி, அந்த வாக்கியத்தையும் எழுதி வைத்தேன்.

அடுத்த மாதங்களில் நான் தூங்கும்போதுகூட அந்த வண்டியைப் பற்றித்தான் நினைத்தேன் என்று என் மனைவி சொல்வாள். சரளைக் கல்லும் டீசலும் ஊற்றி டேங்கைக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினேன். செம்மண் குழம்பாகத் துரு வந்தது. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. பிஸ்டன் அசையவில்லை. நான்கு நாள் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, ஐந்தாம் நாள் கிக்கரைக் கையால் அழுத்தியபோது ஒரு நூல் அளவு இறங்கியது. அந்த ஒரு நூலுக்காக இருவரும் கடைக்குப் போய் வடை சாப்பிட்டோம். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டிப் பிடித்து உதைத்ததில் நீலப் பொறி தெறித்தது. மறுவாரம் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. பட்டறை முழுக்கப் புகை. எதிர்வீட்டு அம்மா கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜன்னல்களைச் சாத்தினார். கையைக்கூடத் துடைக்காமல் நோட்டை எடுத்து எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் கரி விரல்தடம் இன்றும் இருக்கிறது.

இத்தனையும் செய்த நாங்கள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. வண்டியை மூன்று முறை கழுவினோம். ஒருமுறைகூட அந்தச் சந்தனத்தைத் தொடவில்லை. பூஜையில் வைத்ததை யார் வழித்தெடுப்பது? பெயிண்டர்கூட அதைச் சுற்றிக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடித்தார்.

ஆர்.சி. காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. புதுப்பிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆவணியில் நாள் கிடைத்தது. அதற்கு முந்தின வாரம், அங்கே அலுவலகத்துக்கு வெளியே படிவம் நிரப்பித் தருபவரிடம் கேட்டேன். "சேசிஸ் நம்பர் தெளிவா தெரியணும் சார். தேய்ச்ச தடம் இருந்தா திருட்டு வண்டியோன்னு சந்தேகப்படுவாக. அம்புட்டுத்தான், பொறவு அந்த வண்டி ரோட்டுக்கு வராது" என்றார். உங்கள் வண்டியில் நம்பர் எங்கே என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வகையில் எண் பொறித்திருப்பது கழுத்தில், சந்தனத்துக்கு அடியில்.

மறுநாளே மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் தகட்டு நுனியால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது.

"பதினோரு வருஷமா ஈரச் சந்தனம். உள்ள இரும்பு. என்ன சார் மிஞ்சியிருக்கும்?" என்று எமரித்தாளை எடுத்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "தேய்க்கக் கூடாது."

"அப்ப என்னதான் செய்ய, கும்பிடுவோமா?"

பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக் கட்டினோம். இரண்டு நாள் ஊறியதும், மூங்கில் குச்சியால் ஓரத்தை நெம்பினேன். ஒரு பெரிய சில்லாகப் பெயர்ந்து வந்தது. வெளிச்சத்தில் அதன் பக்கவாட்டைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மஞ்சள், அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. அகழாய்வுப் புத்தகங்களில் மண்ணடுக்கு வரைந்திருப்பார்களே, அதே மாதிரி. எண்ணினேன். பதினொன்று. மதினி சொன்னதுதான் கணக்கு.

மெக்கானிக் சில்லைப் பார்க்கவில்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கறுப்பாக இருந்தது.

"துரு" என்றார்.

பத்து மாத உழைப்பும் தேவதானத்துக்கே திரும்பிப் போய் உரச்சாக்குகளுக்கு நடுவே நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். மனம் கேட்காமல் விரலை வைத்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன்.

"துரு இல்லப்பா. கிரீஸ்."

துணியால் ஒற்றி எடுத்தோம். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது, நேற்றுப் பொறித்த மாதிரி. நான் ஆர்.சி.யைப் பார்த்துப் படிக்க, அவர் விரல் வைத்துச் சரிபார்த்தார். கடைசி இலக்கத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே குரல் கொடுத்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கண்டம் இருந்தது. வண்டியைப் பரிசோதித்த அதிகாரி எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். அதை நெடுநேரம் பார்த்தார். "இம்புட்டுப் பழைய வண்டிக்கு நம்பர் இவ்வளவு புதுசா இருக்கே?" என்றார்.

காகிதத்தில் பொதிந்து தேதி போட்டு வைத்திருந்த சந்தனச் சில்லை எடுத்து நீட்டினேன்.

"என்ன இது?"

"நம்பருக்கு மேல இருந்தது சார். பதினோரு ஆயுத பூஜை. அடுக்கை எண்ணிப் பாத்துக்கிடலாம்."

அவர் எண்ணவில்லை. ஆனால் சில்லைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடிப்பக்கத்தில் கிரீஸ் படிந்திருந்தது. எண்ணின் இலக்கங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி அதில் பதிந்திருந்தன. லென்சை எடுத்து வந்து கழுத்தையும் சில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கங்க" என்று திருப்பித் தந்து கையெழுத்துப் போட்டார்.

ஆர்.சி. தபாலில் வந்த அன்று ஆயுத பூஜைக்கு இரண்டே நாள் இருந்தது. மறுநாள் காலை ஆறே காலுக்குக் கிளம்பினேன். சேத்தூர் தாண்டியதும் வலப்பக்கம் மலை முழுசாகத் தெரிந்தது. வண்டி மூன்றாவது கியரில் பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் நீலப்புகை, முன்னால் குளிர்காற்று. ஹெல்மெட்டுக்குள் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி தோப்பு வாசலுக்கே வந்து நின்றார். நான் எஞ்சினை அணைக்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஐட்லிங் கூடுதலா இருக்கு. கொறை" என்றார். குறைத்தேன். பிறகுதான் சட்டைப்பையில் இருந்து அந்த இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கிரீசைப் பற்றிக் கேட்டேன்.

"துப்பாக்கியை உள்ள வைக்கதுன்னா கிரீஸ் தடவித்தான வைப்போம். திரும்ப எடுக்கணும்லா" என்றார். ஒரு கணம் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் எடுக்கலை. நீ எடுத்துட்ட."

மதினி காபியோடு வந்தார். அவருக்குப் பின்னால் பம்புசெட் அறையின் கதவு திறந்திருந்தது. வண்டி நின்ற இடத்தில் கூரை வரைக்கும் புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இது எப்ப மதினி வச்சீங்க?"

"நீங்க ஏத்திட்டுப் போன அன்னைக்கு மத்தியானமே" என்றார். "ஓடாம திரும்பி வந்திருந்தா உங்க அண்ணாச்சி அதை எங்க நிப்பாட்டியிருப்பாகன்னு அவுககிட்டயே கேளுங்க."

அண்ணாச்சி கேட்காதவர் மாதிரி பின்னிருக்கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு மடங்காத காலைச் சிரமப்பட்டு நீட்டி ஏறி உட்கார்ந்து, "கண்மாய் வரைக்கும் போ" என்றார்.